பழைய நோட்டு

எங்கள் ஊர் ராஜகோபாலப் பெருமாள் சங்கையும் சக்கரத்தையும் கை மாற்றிப் பிடித்திருப்பார். வலக்கையில் சங்கு, இடக்கையில் சக்கரம். மணிமங்கலத்திலேயே பிறந்து வளர்ந்த எனக்கு முப்பத்து மூன்று வயது வரை அது கண்ணில் பட்டதில்லை. 2014 புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை, கூட்டத்தில் என் தோள்மேல் உட்கார்ந்திருந்த மகன்தான் குனிந்து காதில் சொன்னான்: "அப்பா, காலண்டர் சாமி மாதிரி இல்ல. இந்த சாமி மாத்தி வெச்சிக்கினு இருக்குது."

அவனுக்கு அப்போது ஆறு வயது. ஒன்றாம் வகுப்பு. அதே வாரம் பள்ளி டைரியில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு வந்திருந்தது. போர்டைப் பார்த்து எழுதுவதில்லை, கண் டாக்டரிடம் காட்டவும்.

தாம்பரத்தில் காட்டினோம். சுவரில் மாட்டியிருந்த எழுத்துப் பலகையில் முதல் வரியிலேயே நின்றுவிட்டான். டாக்டர் கெட்டிக்காரர். எழுத்தை எடுத்துவிட்டுப் படம் போட்ட பலகையை மாட்டினார். குடை, வீடு, மீன் என்று கடைசி வரியில் இருந்த பொடிப் படம் வரைக்கும் கடகடவென்று சொன்னான். "கண்ணுல ஒண்ணும் இல்ல சார். எழுத்துதான் தெரியல. வீட்ல உக்கார வெச்சுச் சொல்லிக் குடுங்க" என்றார் டாக்டர்.

வீட்டில் சொல்லிக் கொடுத்த கதையை எழுத இன்றைக்கும் கூசுகிறது. நான் டிப்ளமோ படித்தவன். ஒரகடத்தில் காருக்கு ஒயரிங் ஹார்னஸ் செய்யும் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி பிரிவில் வேலை. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் வாரங்களில் நாலரை மணிக்கு வீட்டுக்கு வந்து, டீ குடித்த கையோடு அவனை உட்கார வைப்பேன். திங்கட்கிழமை பத்து முறை எழுதிய சொல்லைச் செவ்வாய்க்கிழமை கேட்டால், அதை வாழ்க்கையில் முதன்முறையாகப் பார்ப்பவன்போலப் பார்ப்பான். அந்தப் பார்வைதான் எனக்குப் பொறுக்காது. நடிக்கிறான் என்றே நினைத்தேன். மர ஸ்கேல் இரண்டு உடைந்தது. மூன்றாவதை என் மனைவி வாங்கவில்லை.

அம்மா அவள் பங்குக்கு வைத்தியம் பார்த்தாள். சுட்ட வசம்பை இழைத்து நாக்கில் தடவினாள். வல்லாரைக் கீரை வாரத்துக்கு இரண்டு நாள் துவையல் ஆனது. சிங்கப்பெருமாள்கோயில் பக்கம் செட்டிப்புண்ணியத்தில் யோக ஹயக்ரீவர் இருக்கிறார். பரீட்சைக்கு முன்னால் பிள்ளைகள் பேனாவையும் ஹால் டிக்கெட்டையும் கொண்டுபோய்ப் பாதத்தில் வைத்து வாங்கி வரும் கோயில். பேனா பிடிக்கவே பிடிக்காத பையனுக்கு நாங்கள் ஒரு டஜன் பேனா வைத்துப் படைத்தோம். மெடிக்கல் ஷாப்காரர் ஞாபகசக்தி டானிக் என்று ஒன்றைக் கொடுத்தார். அதில் பழ வாசனை நன்றாக இருந்தது, அவன் கேட்டுக் கேட்டுக் குடித்தான்.

ஞாபகசக்தியில் அவனுக்கு என்ன குறை? எங்கள் ஊர்ப் பாதையில் விடியற்காலையில் போகிற கம்பெனி பஸ்களை எல்லாம் நிறத்தையும் ஹார்ன் சத்தத்தையும் வைத்தே இன்ன கம்பெனி, இன்ன ஷிஃப்ட் என்று சொல்லிவிடுவான். ஆயா, அதாவது என் அம்மா, சொன்ன கதை ஒன்று விடாமல் திரும்பச் சொல்வான். சாளுக்கியன் புலிகேசியைப் பல்லவன் நரசிம்மவர்மன் அடித்து விரட்டிய களங்களில் எங்கள் ஊரும் ஒன்று. கூரம் செப்பேட்டில் பரியளம், மணிமங்கலம், சூரமாரம் என்று மூன்று பெயர் இருக்கிறது. அதை ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னேன். தெருப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக்கொண்டு, ஏரிக்கரையில் யானைப் படை எந்தப் பக்கம் நின்றிருக்கும், குதிரை எந்தப் பக்கம் வந்திருக்கும் என்று அரை மணி நேரம் போர் நடத்தினான். அதே கதையை நாலு வரி எழுதச் சொன்னால் காகிதத்தில் 'மணிமங்கலம்' என்று ஊர்ப் பெயரைக்கூட முழுதாக எழுத வராது.

என்னென்ன தப்பு எழுதினான் என்று இப்போது எனக்கு நன்றாகத் தெரியும். அன்றைக்குத் தப்பை எண்ணினேனே தவிர, தப்பு எப்படி விழுகிறது என்று பார்க்கவில்லை. 'மரம்' எழுதச் சொன்னால் 'ரமம்' வரும். 'கோபம்' என்றால் 'கேபாம்'. இந்த இரண்டாவதைப் பாருங்கள். கோ என்ற எழுத்தில் முன்னால் ஓர் இரட்டைக் கொம்பு, நடுவில் க, பின்னால் ஒரு கால். அவன் மூன்றையும் எழுதியிருக்கிறான். கொம்பு இடம் மாறவில்லை, கால் மட்டும் அடுத்த எழுத்துக்கு நடந்து போய்விட்டது. காதில் ஒரே ஒலியாக விழுவது கண்ணுக்கு மூன்று துண்டாகத் தெரிகிறது, அதில் ஒன்று ஒலிக்கு முன்னாலேயே வந்து நிற்கிறது. தமிழில் 247 எழுத்து என்று பெருமையாகச் சொல்கிறோம். அதை வாய்பாடாகப் பிடித்துக்கொள்கிற பிள்ளைக்கு அது ஒழுங்கான அடுக்கு. பிடிபடாத பிள்ளைக்கு 247 தனித்தனிப் படம். எங்கள் அம்மா இன்றைக்கும் 'லை'க்குத் தும்பிக்கை போட்டுத்தான் எழுதுவாள். 1978-இல் எம்.ஜி.ஆர். அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று அந்தத் தும்பிக்கையை எடுத்தது என் மகனுக்குச் செய்த உதவி என்று அவளிடம் சொல்லிப் பார்த்தேன், ஒப்புக்கொள்ளவில்லை.

ஆங்கிலத்தில் நிலைமை இன்னும் மோசம். பி-யும் டி-யும் அவனுக்கு ஒரே எழுத்தின் இரண்டு நிற்கும் முறை. நாற்காலியை எந்தப் பக்கம் திருப்பினாலும் நாற்காலிதானே? எழுத்தை மட்டும் திருப்பினால் ஏன் பெயர் மாற வேண்டும் என்பது அவன் கேள்வி. கேட்டபோது அடித்தேன். இன்றைக்கு யோசித்தால் அது நல்ல கேள்வி.

அவன் படித்தது ஆங்கில வழித் தனியார் பள்ளி. இந்தத் தடத்தில் கம்பெனி வேலைக்குப் போகிற யாரைக் கேட்டாலும் முதல் போனஸில் பைக், அடுத்ததில் பிள்ளைக்கு இங்கிலீஷ் மீடியம். நானும் அப்படித்தான். 2015 டிசம்பர் ஒன்றாம் தேதி இரவு ஏரிகள் எல்லாம் நிரம்பி வழிந்து, முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் படகு விட்டார்களே, அந்த வெள்ளத்தில் எங்கள் தெருவிலும் இடுப்பளவு தண்ணீர். அடையாறு தொடங்குகிற ஏரிகள் எங்கள் பக்கம்தான் இருக்கின்றன. வீட்டில் கீழ்த்தட்டில் இருந்ததெல்லாம் போயிற்று, அவனுடைய ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு நோட்டுகள் உட்பட. நோட்டு போனதற்கு வீட்டில் மகிழ்ச்சி அடைந்தவன் அவன் ஒருவன்தான். நானும் அவனோடு சேர்ந்து சிரித்தேன். அதற்கு மூன்று வருஷம் கழித்து விலை கொடுத்தோம்.

மூன்றாம் வகுப்பு முடிவில் பள்ளியில் கூப்பிட்டார்கள். அடுத்த வருஷம் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள், காபி கூடக் கொடுத்தார்கள். "உங்க பையனுக்கு எங்க சிலபஸ் பாரம் சார்." எழுத்தில் எதுவும் தரவில்லை. டி.சி.யில் 'நடத்தை: நன்று' என்று இருந்தது. எனக்குக் கோபம் பள்ளியின்மீது வரவில்லை, அவன்மீதுதான் வந்தது. அன்றைக்கு இரவு அவன் ஆயா பக்கத்தில் படுத்துக்கொண்டான்.

2017 ஜூனில் அரசு ஊராட்சிப் பள்ளியில் நான்காம் வகுப்பில் சேர்த்தோம். தோற்றுப் போனவன் போலத் தலையைக் குனிந்துகொண்டுதான் போனேன். மூன்றாவது வாரம் வகுப்பு டீச்சர் என் மனைவியை வரச் சொன்னார். மனைவி நோட்டைக் கொண்டுபோய் நீட்டியபோது, அதைப் பார்க்காமலேயே அவர் கேட்ட முதல் கேள்வி: "உங்க பையன் கதை சொல்றான், கணக்கு வாயால போடுறான், எழுத மட்டும் வரல. வீட்ல, சொந்தத்துல வேற யாருக்காவது இப்படி இருந்துதாம்மா?"

இருந்தது. என் சித்தப்பா. கையெழுத்துப் போட மட்டும் பழகிக்கொண்டு நாற்பது வருஷம் லாரி என்ஜின் பிரித்துப் பூட்டினவர். அவரை நாங்கள் 'படிப்பு ஏறாத ஆளு' என்று சொல்லி முடித்திருந்தோம். டீச்சர் கேட்ட பிறகுதான் அவர் எனக்கு வேறு ஆளாகத் தெரிந்தார்.

"இது டிஸ்லெக்ஸியாவா இருக்கலாம். நான் டாக்டர் இல்ல, சந்தேகம்தான் சொல்றேன்" என்று அந்தச் சொல்லைத் துண்டுத்தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தார். ஆமிர் கானின் 'தாரே ஜமீன் பர்' படம் 2007-இல் வந்தது. டி.வி.யில் நானே பார்த்துக் கண் கலங்கியிருக்கிறேன். அந்தச் சிறுவனுக்காகக் கண் கலங்கிய அதே ஆள்தான் மர ஸ்கேல் உடைத்தவன். படத்தில் வருகிற பிள்ளை பம்பாய்ப் பிள்ளை, ஓவியம் வரைகிற பிள்ளை. மணிமங்கலத்தில் சைக்கிள் செயினைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கும் அதுவே இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இனி நான் சொல்லப்போவதுதான் இத்தனை வருஷத்தில் எனக்கு உறைத்த ஒரே விஷயம். அரசின் கதவுகள் அரசுப் பள்ளி வழியாகத்தான் திறக்கின்றன. 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில் மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கும், அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் போகிறது. அவர்கள் பார்க்க வேண்டிய 30 குறைகளின் பட்டியலில், டிஸ்லெக்ஸியா அடங்கும் கற்றல் குறைபாடும் உண்டு. வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள், அவர்கள் வருவதும் இந்தப் பள்ளிகளுக்குத்தான். மூன்று வருஷம் மாதா மாதம் பீஸ் கட்டி, என் மகனை இந்தக் கண்களிலிருந்தெல்லாம் நானே ஒளித்து வைத்திருந்தேன். அந்தக் காசுக்கு அவனுக்குக் கிடைத்தது ஒரு டையும் டைரியில் சிவப்பு மையும்.

சட்டமும் எங்களுக்குப் பக்கத்தில்தான் வந்துகொண்டிருந்தது. 1995-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஏழு வகைதான். அதில் இவனுக்கு இடம் கிடையாது. 2016 டிசம்பரில், இவன் மூன்றாம் வகுப்பில் திணறிக்கொண்டிருந்தபோது, நாடாளுமன்றம் புதுச் சட்டம் போட்டு அதை 21 ஆக்கியது. அதில் ஒன்று 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு'. எப்படிச் சோதித்துச் சான்றிதழ் தர வேண்டும் என்ற வழிமுறை 2018 ஜனவரியில் வந்தது. எட்டு வயது முடிந்த பிறகுதான் சான்றிதழ். அதற்கு முன்னால் பிள்ளைகள் எழுத்தைத் திருப்பிப் போடுவது சகஜம் என்பதால் இந்தக் கணக்கு. பதினான்கில் மறுபடி சோதனை, பதினெட்டில் இன்னொரு முறை. அதன்பிறகு கொடுப்பது ஆயுளுக்கும் செல்லும்.

வட்டார வள மையத்துச் சிறப்புப் பயிற்றுநர் எங்களுக்கு வழி எழுதிக் கொடுத்தார். முகாம், அங்கிருந்து காஞ்சிபுரம், அங்கிருந்து சென்னை, திரும்பக் காஞ்சிபுரம். முட்டுக்காட்டில் 2005-லிருந்து இருக்கிற மத்திய அரசு நிறுவனத்துக்கும் ஒரு முறை போனோம். பல்வகைக் குறைபாடுள்ளோருக்கான தேசிய நிறுவனம் அது. அங்கே வராந்தாவில் தூக்கி வரப்பட்ட பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்த தாய்மார்கள் ஓடியாடுகிற எங்கள் பையனைப் பார்த்தார்கள், பிறகு எங்களைப் பார்த்தார்கள். ஒரு அம்மா கேட்டே விட்டாள்: "உங்க புள்ளைக்கு இன்னாங்க?" பதில் சொல்ல என் மனைவிக்கு நாக்கு எழவில்லை. கண்ணுக்குத் தெரியாத குறைக்கு வரிசையில் நிற்பது தனி அவஸ்தை. வெளியில் வந்தால் சொந்தக்காரர்கள், "நல்லா இருக்குற புள்ளைக்கு ஊனச் சர்டிபிகேட் வாங்குறியா?" என்று கேட்டார்கள்.

ஒவ்வொரு முறையும் எனக்கு ஒரு நாள் சம்பளம் போகும். லைன் லீடர் முகம் சுளிப்பார். மூன்றாவது முறை போனபோது, மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த டாக்டர் அம்மா கேட்டார்: "சின்ன கிளாஸ் நோட்டெல்லாம் எங்க? ஒண்ணாவதுலேருந்து எப்படி எழுதியிருக்கான்னு பாக்கணும்." முதல் இரண்டு வருஷத்து நோட்டு ஏரித் தண்ணீரோடு போயிற்று. மூன்றாம் வகுப்பு நோட்டைப் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டுப் பூண்டு வாங்கியிருந்தோம். இருந்தது நான்காம் வகுப்பு நோட்டு மட்டும்தான். பழைய பள்ளியில் போய் விடைத்தாள் கேட்டால் அதெல்லாம் வைப்பதில்லை என்றார்கள். இன்னொரு தேதி கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

சோதனை இரண்டு பகுதி. ஒன்று அறிவுத்திறன். மற்றது வாசிப்பு, எழுத்து, கணக்கு. பெங்களூரு நிம்ஹான்ஸ் வகுத்த தொகுப்பு அது. உளவியலாளர் இளம்பெண். கதவு மூடி இரண்டு மணி நேரம் ஆனது. வெளியே வந்து சொன்னார்: "அறிவுக்கு ஒரு குறையும் இல்லம்மா. சராசரிக்கு மேலயே இருக்கான். எழுத்துல மட்டும் ரெண்டாவது படிக்கிற புள்ள அளவுல இருக்கான்." என் மனைவி அழுதாள். பையன் பயந்துபோய், "நான் பெயிலாம்மா?" என்று கேட்டான்.

அந்த மாதங்களில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். 1896-இல் இங்கிலாந்தில் பிரிங்கிள் மார்கன் என்கிற டாக்டர் மருத்துவப் பத்திரிகையில் ஒரு பையனைப் பற்றி எழுதினார். பெர்சி என்று பெயர், பதினான்கு வயது. கணக்கில் சூட்டிகை. தன் பெயரையே எழுத்து மாற்றி 'பிரெசி' என்று எழுதுவான், அது தப்பு என்று அவனுக்குத் தெரியாது. எல்லாப் பாடத்தையும் வாயால் நடத்தினால் பள்ளியிலேயே இவன்தான் முதல் ஆளாக இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னாராம். நூற்றுச் சொச்சம் வருஷத்துக்கு முந்திய அந்த வெள்ளைக்காரப் பையனைப் படித்தபோது, எங்கள் தெருப் பையனைப் படித்ததுபோல இருந்தது.

கம்பெனியில் எங்களுக்குப் 'போக்கா-யோக்கே' என்று ஒரு பயிற்சி உண்டு. தப்பு நடக்கவே முடியாதபடி சாமானையும், அதைப் பொருத்தி வேலை செய்கிற சட்டமான ஜிக்கையும் அமைப்பது. ஹார்னஸ் கனெக்டரில் ஒரு மூலையில் சின்ன மேடு வைத்திருப்போம், தலைகீழாகச் செருகினால் உள்ளே போகாது. இதை வகுத்தவர் ஷிகியோ ஷிங்கோ என்கிற ஜப்பானியர். முதலில் அதற்கு வைத்த பெயர் 'பாக்கா-யோக்கே', முட்டாள் தப்புச் செய்யாமல் தடுப்பது. 1963 வாக்கில் ஒரு கார் பாடி கம்பெனியில் அதைப் பொருத்தியபோது, லைனில் வேலை பார்த்த பெண், நான் அவ்வளவு முட்டாளா என்று அழுதுவிட்டாளாம். அதன்பிறகுதான் பெயரை மாற்றினார்கள். 'போக்கா' என்றால் கவனப் பிசகு, அது யாருக்கும் வரும். இந்தக் கதையைப் பயிற்சி வகுப்பில் பத்துத் தடவையாவது கேட்டுத் தலையாட்டியிருக்கிறேன். லைனில் ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆனால் ஆளைத் திட்டக் கூடாது, ஏன், ஏன் என்று ஐந்து தடவை கேட்டு முறையைச் சரிசெய்ய வேண்டும் என்பதை நானே கான்ட்ராக்ட் பையன்களுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து ஒரு தடவைகூட ஏன் என்று கேட்கவில்லை.

அதே 1963 ஏப்ரலில் சிகாகோவில், பிள்ளைக்கு என்னவென்று தெரியாமல் அலைந்த பெற்றோர் கூடி ஒரு மாநாடு வைத்தார்கள். சாமுவேல் கிர்க் என்கிற பேராசிரியர் அதில்தான் 'கற்றல் குறைபாடு' என்ற பெயரை முன்வைத்தார். இரண்டும் ஒரே வருஷம் என்பதில் அர்த்தம் எதுவும் இல்லை. எனக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

மருந்து கிடையாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். சொல்லிக் கொடுக்கும் முறையை மாற்ற வேண்டும். தி. நகரில் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் இருக்கிறது. 1990-களின் தொடக்கத்திலேயே ஆரம்பித்தது. அப்படி ஒன்று எங்கள் வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத்தில் இருப்பதைச் சொன்னது எந்த அலுவலகமும் இல்லை. கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்காருகிற அக்கவுண்ட்ஸ் அம்மா. அவருடைய தங்கை மகனுக்கு இதே பிரச்சினை. நான்கு வருஷமாக ஒரே பஸ்ஸில் போய் வந்திருக்கிறோம். நானும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. வெட்கம்தான்.

பஸ்ஸில் கேட்டதையும் பயிற்றுநர் காட்டியதையும் வைத்து நான் வீட்டில் ஜிக் செய்ய ஆரம்பித்தேன். ஸ்கிராப்பில் கிடந்த அட்டையில் ஒரு வரி உயரத்துக்குச் சன்னல் வெட்டினேன். புத்தகத்தின்மேல் வைத்து நகர்த்தினால் ஒரு வரி மட்டும் தெரியும், மற்றது மறைந்துவிடும். 'கோ'வின் கொம்பையும் காலையும் ஒரே பச்சை மையில் எழுதினேன், நடுவில் க கறுப்பு. இரண்டும் ஒரே குடும்பம் என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும். தாம்பாளத்தில் மணல் பரப்பி, வாயால் சொல்லிக்கொண்டே விரலால் எழுத வைக்க வேண்டும் என்றார் பயிற்றுநர். கண், காது, கை மூன்றும் ஒரே நேரத்தில் வேலை செய்ய வேண்டும், அமெரிக்காவில் ஆர்ட்டனும் கில்லிங்ஹாமும் கொண்டுவந்த முறையின் வழி என்றார். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கா மெட்ராசுக்கும் காஞ்சிவரத்துக்கும் அலைஞ்சீங்க? எங்கப்பன் திண்ணைப் பள்ளிக்கூடத்துல இப்படித்தான் படிச்சுது" என்றாள். பயிற்றுநர் சிரித்துவிட்டு, "ஆமா ஆயா, அதேதான்" என்றார்.

அற்புதம் எதுவும் நடக்கவில்லை. ஆறாம் வகுப்பு முடியும்போது பஸ் போர்டு வாசித்தான். ஏழாம் வகுப்பில் கொரோனா. ஊரே பிள்ளைகள் படிப்புப் போயிற்று என்று புலம்பியபோது எங்கள் வீட்டில் மட்டும் நேர்மாறு. கல்வித் தொலைக்காட்சியில் பாடம் காதால் வந்தது. போர்டு இல்லை, காப்பி எழுதுவது இல்லை. அவன் அவ்வளவு உற்சாகமாகப் படித்து நான் பார்த்ததில்லை. பள்ளி திறந்தபோது எல்லாப் பிள்ளைகளும் எழுத்து மறந்து வந்தார்கள். அப்போது யாருக்குக் குறைபாடு, யாருக்கு வெறும் இடைவெளி என்று பிரிப்பது பெரும்பாடு என்று டீச்சர் சொன்னார்.

2024 மார்ச்சில் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு. சான்றிதழ் இருந்ததால் ஒரு மணி நேரம் கூடுதல், சொல்லச் சொல்ல எழுத ஒரு ஆசிரியர், ஒரு மொழிப் பாடத்திலிருந்து விலக்கு. ஆங்கிலத்தை விட்டோம். இதற்கெல்லாம் தலைமையாசிரியர் வழியாக மாதக்கணக்குக்கு முன்னாலேயே விண்ணப்பம் போக வேண்டும். பதினான்கு வயதில் செய்த மறுசோதனைச் சான்றும் கூட வைக்க வேண்டும். சமூக அறிவியல் தேர்வு முடிந்து வெளியே வந்தவன் முகத்தில் ஒரு கர்வம். எழுதுவதற்கு உட்கார்ந்த சார், "தம்பி, மெதுவா சொல்லு, என் கை வலிக்குது" என்றாராம்.

இப்போது ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர், இரண்டாம் வருஷம். டிஜிட்டல் வெர்னியரில் அளவெடுக்கிறான். போனில் வருகிற எந்தச் செய்தியையும் காதில் வைத்துக் கேட்டுக்கொள்கிறான், வாசிப்பு இன்னமும் மெதுவாகத்தான். வாட்ஸ்அப்பில் எனக்கு எழுதுவதில் பாதி எனக்கு மட்டுமே புரியும். வரும் ஆகஸ்டில் பதினெட்டு முடிகிறது, மூன்றாவது சோதனைக்குப் போக வேண்டும்.

எங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலுமாக நான்கு வீட்டுக்காரர்கள் இதுவரை எங்கள் ஃபைலை வாங்கி ஜெராக்ஸ் எடுத்துப் போயிருக்கிறார்கள். இருட்டின பிறகுதான் வருவார்கள். முதல் கேள்வி, "இதுக்கு மாசாமாசம் பணம் வருமாண்ணே?" எங்களுக்கு வரவில்லை என்று சொல்வேன். இரண்டாவது, "நாளைக்குப் பொண்ணு குடுப்பாங்களா?" அதற்கு என் மனைவி பதில் சொல்லிக்கொள்வாள்.

மூன்றாவதாக நான் சொல்வதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டில் வாயால் எல்லாம் சொல்லி, எழுத மட்டும் திணறுகிற பிள்ளை இருந்தால் வருஷக் கடைசியில் நோட்டை எடைக்குப் போடாதீர்கள். தமிழ் ஒன்று, ஆங்கிலம் ஒன்று, கணக்கு ஒன்று, வகுப்புக்கு மூன்று நோட்டு போதும். அட்டையில் வருஷத்தை எழுதிப் பரணில் வையுங்கள். எங்கள் பக்கத்து ஆட்களாக இருந்தால் கீழ்த்தட்டில் வைக்க வேண்டாம், ஏரி வரும்.